தேர்வுப் பதிவும் தீர்ப்பும்: பீற்றில்ஸ் குழுவின் தொடக்கப் பதிவுகள் பற்றிய ஒரு நோக்கு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. கலைஞரின் இளமைக்கால ஆக்கங்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இம்முதுமொழியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பின்னாளிற் பெரும்புகழ் எய்தியோரின் முதற் படைப்பிலே அப்புகழின் அறிகுறிகளைத் தேடிக் காண்பதும், அவற்றைக் காணத் தவறிய அக்காலத்தாரைச் செவியற்றோர் எனப் பழிப்பதும் வழக்கமாகிவிட்டன. இங்கிலாந்தின் றொக் இசைக்குழுவாகிய பீற்றில்ஸின் தொடக்கப் பதிவுகள் இவ்வழக்கிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அக்குழுவின் தோற்றம் எளியது. 1957 யூலை 6 ஆந் திகதி, லிவர்பூல் நகரின் ஊல்ற்றன் பகுதியில் நிகழ்ந்த தேவாலய விழாவொன்றிலே, 'குவொறிமென்' என்னும் மாணவர் குழுவை நடத்திய ஜோன் லெனனைப் போல் மக்காட்னி முதன்முதற் சந்தித்தார். அடுத்த ஆண்டில் ஜோர்ஜ் ஹரிசன் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நகரத்துச் சிறு பதிவுக்கூடமொன்றில் இவர்கள் இரு பாட்டுக்களைப் பதிந்தனர். ஒன்று அமெரிக்கப் பாடகர் படி ஹொலியும் அவர் குழுவினரும் பாடிப் புகழ் பெற்றது. மற்றையது இவர்தம் சொந்த ஆக்கம். கிடைத்தது ஒரே தட்டு. அது பல்லாண்டுகளின் பின் மக்காட்னியின் கைக்கு வந்து, 1995 இலேயே பொதுமக்கள் செவிக்கு எட்டியது. 1960 முதல் யேர்மனியின் ஹம்பேர்க் நகர இரவு விடுதிகளில் நெடுநேரம் பாடிப் பெற்ற பயிற்சி இக்குழுவை உரப்படுத்திற்று.

இத்தகைய பயிற்சியுடன், 1962 சனவரி 1 ஆந் திகதி, இலண்டனிலுள்ள டெக்கா நிறுவனத்தின் கூடத்தில் இவர்கள் தேர்வுக்காகப் பாடினர். முகாமையாளர் பிறயன் எப்ஸ்ரீன் ஏற்பாடு செய்த அத்தேர்வில் 15 பாட்டுக்கள் பதிவாயின. அன்றே தேர்வுக்கு வந்த வேறொரு குழுவை ஏற்ற டெக்கா, இவர்களை மறுத்தது. இசை வரலாற்றிற் பெரும் பிழையென இம்மறுப்பு இன்றுவரை எள்ளப்படுகின்றது. அவ்வெள்ளல் நியாயமானதா என்பதே ஆராயற்பாலது.

அப்பதிவைப் பின்வந்த புகழை மறந்து கேட்டல் வேண்டும். 15 பாட்டுக்களுள் 12 பிறருடையவை. லெனன், மக்காட்னி ஆகியோர் ஆக்கியவை மூன்றே. நூல்வகையாற் கூறின், வழிநூல் மிகுதி, முதனூல் அருமை. மெக்சிக்கோ நாட்டுக் காதற்பாட்டு, 1921 இல் எழுந்த பழம்பாட்டு, அமெரிக்க நாடகமேடைப் பாட்டு, றொக் பாட்டு என அடுத்தடுத்து வேடம் மாறுகின்றது. சில இடங்களிற் குரல் நகைப்பை வேண்டி நிற்கின்றது. சில இடங்களில் அச்சத்தால் இறுகுகின்றது. பீற் பெஸ்ற்றின் முரசு எல்லாவற்றிற்கும் ஏறக்குறைய ஒரே நடையைத் தருகின்றது. ஊக்கம் உண்டு, இவர் யாவர் என்னும் வினாவிற்கு விடை இல்லை.

இதற்குச் சிறந்த சான்று பீற்றில்ஸாரின் செயலே. அன்று பாடிய மூன்று சொந்தப் பாட்டுக்களுள் ஒன்றையேனும் அவர்கள் தம் இசைத்தட்டுக்களில் அக்காலத்தில் வெளியிட்டிலர். மூன்றையும் 1963 இலும் 1964 இலும் பிறரே பாடி வெளியிட்டனர். பிறர் பாட்டுக்களில் இரண்டை, 'ரில் தேயர் வோஸ் யூ', 'மணி' என்பவற்றை, 1963 இல் மீண்டும் பதிந்தனர். முன்னையதில் மின்கிற்றாரின் இடத்தை நைலோன் நரம்புக் கிற்றாரின் மென்மை பெற்றது. பின்னையதில் லெனனின் குரல் தயக்கம் நீங்கிக் கொதித்தெழுந்தது. இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு இடையிலுள்ள தூரம் புலனாகும்.

எனவே, பதிவைப் பற்றிய டெக்காவின் தீர்ப்புப் பெரிதும் தவறன்று. பதிவைக் கொண்டு பாடியோரின் எல்லையை வரையறுத்ததே தவறு. 1962 யூனில் இவர்களைக் கேட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்து ஜோர்ஜ் மாட்டினும் பாட்டுக்களில் மயங்கினாரல்லர்; முரசொலியும் அவர்க்கு நிறைவளிக்கவில்லை. ஆயின் அவர் திருத்தத்திற்கு இடமளித்தார். றிங்கோ ஸ்ரார் குழுவிற் சேர்ந்தபின்னும், 'லவ் மீ டூ' செத்தெம்பரில் இருமுறை பதியப்பட்டது. மெதுவாக இயன்ற 'பிளீஸ் பிளீஸ் மீ' என்னும் பாட்டை விரைவாக்குமாறு அவர் கூறினார். அவ்வாறே அது நவம்பரிற் பதிவாயிற்று. 1963 மார்ச்சில் வெளிவந்த முதல் நெடுந்தட்டின் 14 பாட்டுக்களுள் 8 சொந்த ஆக்கங்கள். அத்தட்டின் பத்துப் பாட்டுக்கள் பெப்ரவரி 11 ஆந் திகதி ஒரே நாளிற் பதியப்பட்டவை. டெக்காவில் ஐந்திலொன்றாயிருந்த முதனூல், பதினைந்து மாதங்களுள் அரைவாசிக்கு மேலாயிற்று.

முளையிலே தெரிவது பயிரின் இனமேயன்றி விளைச்சலின் அளவன்று. அது நிலத்தையும் நீரையும் பொறுத்தது. ஒரு நாட் தேர்வு அந்நாளின் நிலையை அளக்கும். அதற்கு மேல் அளக்க வல்லதன்று. குறையைக் கண்டு கதவடைத்தல் எளிது. அக்குறையையே பெயர் சொல்லிச் சுட்டி, மறுமுறை பாடுக என்பதே தேர்வாளரின் அரிய தொழில். டெக்காவின் பதிவு கேட்கத்தக்கதாயிருப்பது, வருங்காலப் பெருமை அதனுள் ஒளிந்திருப்பதனாலன்று. அப்பெருமை அன்று இன்னும் பிறவாதிருந்ததைப் பொய்யின்றிக் காட்டுவதனாலேயாம்.