போர்க்களத்திற் பெண்பாத்திரங்கள்: காமன் கூத்தும் கணினி விளையாட்டும் – ஓர் ஒப்புநோக்கு

வெவ்வேறு கதைகளுக்குரிய பாத்திரங்களை ஒரே களத்தில் எதிரெதிரே நிறுத்துதல் இக்காலக் கணினி விளையாட்டுகள் புதிதாகக் கண்டறிந்த உத்தியன்று. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தினை ஓரிரவேனும் விழித்திருந்து பார்த்தோர் இதனை அறிவர். தக்கன் வேள்வியை அழிக்கத் தோன்றிய வீரபத்திரன், உயிர் கவரும் எமன், காளி, குறவன், குறத்தி ஆகியோர் தத்தமக்கெனத் தனிக்கதையோ தனி ஆட்டமோ உடையவர். எனினும் காமன் பொட்டலில் இரதி மன்மதன் கதையினுள்ளே இவர்கள் தப்பின் அடிக்கேற்ப ஒருவர்பின் ஒருவராக வந்திறங்குகின்றனர். அவரவர் தோன்றும்போது அடி மாறுகின்றது; நடை மாறுகின்றது. இத்தகைய கூட்டுக்களத்திற் பெண்ணுக்கு எவ்விடம் வழங்கப்படுகின்றது என்பதே ஈண்டு எமது வினா.

யப்பானிய நிறுவனமான கெப்கொம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் விளையாட்டில், ஆடுபவர் தெரிந்துகொள்ளத்தக்க வீரர் எண்மர். அவர்களுட் பெண் ஒருத்தியே: சுன்-லி என்னும் சீன நாட்டவள். கொல்லப்பட்ட தந்தைக்காகப் பழிவாங்கவே அவள் களம் புகுகின்றாள். அவ்விளையாட்டின் பொறுப்பாளருள் ஒருவரான யோஷிகி ஒக்கமோட்டோ பிற்காலத்தில் நேர்காணலொன்றிற் கூறிய செய்தி நமது ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. திரையின் மேற்புறத்தில் ஒவ்வொரு வீரருக்கும் உரிய உயிர்க்கோடு உண்டு. அடிபடுந்தோறும் அது குறையும். பெண் வலிமை குறைந்தவள் ஆதலின் சுன்-லியின் உயிர்க்கோட்டை ஏனையோரினும் குறுகியதாக அமைக்கத் தாம் எண்ணியதாகவும், உடன் பணியாற்றிய வடிவமைப்பாளர் அதற்கு உடன்படவில்லை என்றும் அவர் கூறினார். ஆகவே கோடு சமமாயிற்று.

இச்சிறு செய்தி மலையக வாசகருக்கு அந்நியமானதன்று. நம் தோட்டங்களிற் கொழுந்து கொய்யும் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தோடு சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டிலேதான். அதுவரை அவளுடைய கோடும் குறுகியதாகவே இருந்தது. எக்காரணம் கொண்டு குறுக்கினர் என்று வினவின், ஒக்கமோட்டோ முதலிற் கூறிய அதே காரணமே விடையாகக் கிடைக்கும்.

இனி, பல விளையாட்டுகளின் பாத்திரங்கள் ஒன்றுகூடிய களத்தை நோக்குவாம். எஸ்.என்.கே. நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 94’ தன் முந்திய விளையாட்டுகள் பலவற்றின் வீரரை மும்மூவராகப் பிரித்து எட்டு அணிகளாக்கியது. இருபத்து நால்வருட் பெண்கள் நால்வர். அவர்களுள் அத்தேனா வேறோர் அணியினள். எஞ்சிய மூவரான யூரி, கிங், மய் ஆகியோர் பெண்களுக்கென வகுத்த தனியணியில் நிற்பர்.

இம்மூவருள் நுணுகி ஆராயத்தக்கவள் யூரி. 1992இல் வெளிவந்த ‘ஆர்ட் ஒஃப் ஃபைட்டிங்’ விளையாட்டில் அவள் கவர்ந்து செல்லப்பட்ட தங்கை மட்டுமே. தமையனும் அவன் நண்பனும் அவளை மீட்கப் புறப்படுவர். இறுதியில் தமையன் வீழ்த்த முற்படும் முகமூடியணிந்த வீரன் தம் தந்தையே என்று உரைத்துத் தடுப்பதொன்றே அவள் ஆற்றும் செயல். அசோகவனத்துச் சீதையை அறிந்த நமக்கு இக்கதையமைப்பு புதிதன்று. ஆயின் இரண்டே ஆண்டுகளின் பின்னர் அவள் களத்தில் நிற்கின்றாள், தமையனையே எதிர்க்கின்றாள். சிறையெடுக்கப்பட்டவள் போர் பயின்று மீண்டும் வருதல் நம் காவிய மரபு எண்ணிப்பாராத திருப்பம். அவள் இவ்வாறு வந்தமைக்குக் கதாசிரியரின் கருணை காரணமன்று. அணிகளை நிரப்ப ஆள் வேண்டியிருந்தமையும் ஒரு காரணம் என்றே யாம் கருதுகின்றோம். களத்தின் தேவை கதையின் வழக்கத்தை வென்றது.

கிங்கின் நிலை வேறு. முதல் விளையாட்டில் அவள் ஆணுடை தரித்து நிற்பவள். சிறப்புத் தாக்குதலொன்றால் அவளை வீழ்த்தினால் மேற்சட்டை கிழிந்து, அவள் பெண் என்பது புலப்படும். வெற்றி பெறும்வரை அவள் ஆண். தோல்வியே அவளைப் பெண்ணாக்குகின்றது. இதனை நகைச்சுவை எனக் கொள்வாரும் உளர். எமக்கு அது நகைச்சுவையாகத் தோன்றவில்லை. விசிறி ஏந்திய மய் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. அவளுடைய உடை யாருடைய கண்களுக்காகத் தைக்கப்பட்டது என்பது வெளிப்படை.

ஆக, இவ்விளையாட்டுகளின் ஆட்டவிதி பெண்ணுக்குச் சமநிலை வழங்குகின்றது. கதையும் உடையும் அதனைத் திரும்பப் பறித்துக்கொள்கின்றன. காமன் கூத்தில் இம்முறை தலைகீழாகின்றது. கதையளவில் இரதியே கூத்தின் மையம். சிவனின் தவத்தைக் குலைக்கச் செல்லாதே எனக் கணவனைத் தடுப்பவள் அவள். கேளாமற் சென்று அவன் எரிந்தபின், சிவனிடம் முறையிட்டுத் தன் கண்ணுக்கு மட்டுமேனும் அவன் புலப்படும் வரத்தைப் பெறுபவளும் அவளே. வீரபத்திரன் வாள் சுழற்றுகின்றான். எமன் பாசக்கயிற்றை வீசுகின்றான். ஆயினும் நிகழ்ந்துவிட்ட ஒன்றை மாற்றும் ஆற்றல் படைக்கலம் ஏதுமற்ற இரதிக்கே உண்டு. ஆனால் மரபுவழிக் கூத்தில் அவ்விரதி ஓர் ஆண். சேலை உடுத்து, வளையல் அணிந்து, குரலை மெலித்து அவன் ஆடுகின்றான். பகலெல்லாம் மலையிற் கொழுந்தெடுத்த பெண்கள் பொட்டலைச் சுற்றி அமர்ந்து, தம் பெயரால் இன்னொருவன் அழுவதைக் கேட்டுத் தாமும் அழுகின்றனர். அவன் பாடும் ஒப்பாரியின் இழுப்பும் விம்மலும் இழவு வீடுகளில் அப்பெண்கள் பாடுவனவே என்பதையும் மறத்தலாகாது. பாட்டைக் கொடுத்தவர்க்குக் களம் கொடுக்கப்படவில்லை.

களம் கொடுக்கப்பட்ட பின்னரும் நேரும் இடர் ஒன்றுண்டு. திருவாலங்காட்டுத் தலக்கதையிற் சிவனும் காளியும் ஆடற்போட்டியில் எதிர்நின்றனர். இருவர்க்கும் விதி ஒன்றே, காளி சளைக்கவில்லை. ஈற்றில் இறைவன் காலைத் தலைக்குமேல் உயர்த்தி ஆடினான். காளி நாணித் தலைகுனிந்தாள், தோற்றாள் எனப்பட்டாள். அவளைத் தோற்பித்தது வலிமைக் குறைவன்று. அவையில் ஒரு பெண் காலுயர்த்தலாகாது என்னும் எழுதாவிதியே அவளைத் தோற்பித்தது. உயிர்க்கோடு சமமாயிருந்தும் ஆட்டம் சமமாயிருக்கவில்லை. இத்தலக்கதையை வைத்துக்கொண்டு யப்பானியரின் மேற்சட்டையை மட்டும் குறைகூறுதல் நமக்கு எளிதன்று.

பொல்பிட்டிய 1969ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு நீர்மின்சாரம் வழங்கிவருமிடம். அதனை அண்டிய தோட்டக் குடியிருப்பொன்றின் இஸ்தோப்பில், பாடசாலைச் சீருடை மாற்றாத சிறுமி ஒருத்தி அண்ணனின் கையடக்கத் தொலைபேசியில் இவ்வரிசை விளையாட்டொன்றை ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டோம். அவள் தெரிந்துகொண்ட வீராங்கனை கிங். அவள் பெண் என்பதாலா எனக் கேட்டோம். சிறுமி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“அது இல்ல சார். இவளுக்குக் காலு நீளம். தூக்கி உதைச்சா ஒருத்தனும் கிட்ட வர முடியாது.”