பசாசின் பெயர் சுமந்த பாறைகள்

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கும் கலையில் ஒரு தனிக்கிளையே வளர்ந்துள்ளது. பசாசின் பெயரைச் சுமந்து நிற்கும் பாறைகளையும் பள்ளங்களையும் தேடிச் சென்று படமெடுப்பதே அது. அமெரிக்காவில் 'டெவில்ஸ் டவர்', 'டெவில்ஸ் போஸ்ட்பைல்'. ஆஸ்திரேலியாவில் 'டெவில்ஸ் மார்பிள்ஸ்'. நம் கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்'. நாள்காட்டிகளிலும் பயண இதழ்களிலும் இப்படங்களைத் தொடர்ந்து பார்த்து வருவோர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. ஊர் வேறு, கல் வேறு; ஆயினும் படம் ஒன்றே. குருதி தோய்ந்தாற் போன்ற அந்தி வானம், அல்லது மின்னல் கிழிக்கும் இரவு. கீழிருந்து மேல்நோக்கிய கோணம். மனிதச் சுவடே இல்லாத வெறுமை. இந்த அச்சம் கல்லிலிருந்து வந்ததா, பெயரிலிருந்து வந்ததா?

வயோமிங் மாநிலத்து டெவில்ஸ் டவரை எடுத்துக்கொள்வோம். அடியிலிருந்து 867 அடி உயரம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது, ஐந்து முகமும் ஆறு முகமுமான தூண்களாகப் பிளந்தது. சுற்றியிருந்த மென்மையான படிவுகளை நீர் அரித்துச் செல்ல, உள்ளிருந்த கல் வெளியே தெரிந்தது. லக்கோட்டா மக்கள் அதனைக் கரடியின் இல்லம் என்று அழைத்தனர். கயோவா மக்களிடையே வேறொரு கதை வழங்குகிறது. கரடியாக உருமாறிய தம் சகோதரனுக்கு அஞ்சி ஏழு சகோதரியர் ஓடுகின்றனர். ஒரு மரத்தின் அடிக்கட்டை அவர்களைத் தன்மேல் ஏறச் சொல்லி வானளவு உயர்கிறது. சகோதரியர் விண்மீன்களாகின்றனர். தூண்களின் நெடிய கீறல்கள் கரடியின் நகம் பட்ட வடுக்கள். அஞ்சி ஓடி வந்தோருக்கு அடைக்கலம் தந்த கதை இது.

1875இல் கர்னல் ரிச்சர்ட் டாட்ஜ் தலைமையில் வந்த குழு, அம்மக்கள் இதனைத் தீய தெய்வத்தின் கோபுரம் என்று அழைப்பதாகப் பதிவு செய்தது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை என்றே பலரும் கருதுகின்றனர். தீய தெய்வம் விரைவில் 'டெவில்' ஆயிற்று. 1906இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் இதனை அமெரிக்காவின் முதல் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது அப்பெயரே அரசாணையிலும் ஏறியது. அடைக்கலத்தின் கதையைச் சுமந்த கல் அன்றிலிருந்து அச்சத்தின் சின்னமாகவே படமெடுக்கப்பட்டு வருகிறது.

தொடக்கக் காலப் படங்கள் இவ்வாறில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1890ஐ ஒட்டி ஜான் கிராபில் எடுத்த படம் ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. மேற்குப் புறத்தில் உதிர்ந்து கிடக்கும் பாறைகளைக் காட்டவே அவர் அதனை எடுத்தார். அவை பல இலட்சம் டன் எடையுள்ளவை என்றும், கோபுரம் 800 அடி உயரம் என்றும் படத்தலைப்பிலேயே கணக்குச் சொல்கிறார். தலைப்பில் பசாசின் பெயர் உண்டு. படத்தில் பசாசு இல்லை. வியப்போடு அளந்து பார்க்கும் ஒரு மனிதனின் கண்ணே அங்குத் தெரிகிறது. பின்வந்தோர் அந்தக் கண்ணை இழந்துவிட்டனர் என்பது நம் கருத்து. 1977இல் ஸ்பீல்பெர்க் தம் திரைப்படத்தில் வேற்றுலகோர் வந்திறங்கும் இடமாக இதனைக் காட்டியபின், இரவும் விசித்திர ஒளியும் இதற்கு நிலையான ஆடையாகிவிட்டன.

இருளைக் கையாள்வதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அன்சல் ஆடம்ஸ் 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்தபோது, முதலில் மஞ்சள் வடிகட்டி வைத்து எடுத்து, அது போதாதென்று அடர்சிவப்பு வடிகட்டியை மாற்றினார். வானம் ஏறக்குறையக் கறுத்தது. ஆயினும் அப்படத்தைக் காண்போர் அஞ்சுவதில்லை, தலை தாழ்த்துகின்றனர். அவர் கல்லின் முன் தாம் உணர்ந்ததைக் காட்ட இருளை நாடினார். நாம் குறைசொல்லும் படங்களோ பெயர்ப்பலகையை வாசித்த பின் இருளை நாடுகின்றன. முன்னது கலை. பின்னது, அழகாக அச்சிட்டாலும், பெயருக்கு வரைந்த விளக்கப்படமே.

இதில் நம் விசுவாசத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. படைத்தவற்றையெல்லாம் கடவுள் நல்லவை எனக் கண்டார் என்று தொடக்கநூல் கூறுகிறது. 561இல் போர்ச்சுகலின் பிராகாவில் கூடிய சங்கம், இடியையும் மின்னலையும் புயலையும் வறட்சியையும் பசாசு தன் சொந்த அதிகாரத்தால் உண்டாக்குகிறது என்போரைக் கண்டித்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அலகையும் நல்லதாகவே படைக்கப்பட்டுத் தன் செயலால் தீயதாயிற்று என்று வரையறுத்தது. ஆகவே அதற்கென்று ஒரு கோபுரமோ சமையலறையோ இவ்வுலகில் இல்லை. ஒளிப்படக்காரர்களை நாம் திரிபுக் கொள்கையினர் ஆக்கிவிட வேண்டியதில்லை. அவர்கள் சங்க ஏடுகளைப் படித்துவிட்டுக் கருவியைத் தூக்குபவர்கள் அல்லர். ஆனால் மின்னலைப் பசாசின் கைவேலையாகக் காட்டும் ஒரு படத்தை நம் இல்லச் சுவரில் மாட்டும்போது நாம் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கொடைக்கானலைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. 1991இல் 'குணா' வெளிவந்தபின் மக்கள் நாவில் அது குணா குகை ஆகிவிட்டது. 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 2006இல் அப்பள்ளத்தில் விழுந்தவரை நண்பர்கள் மீட்டதைக் கூறுகிறது. துரைமார் இட்ட பசாசின் பெயரைக் காதற்படம் ஒன்று அகற்றியது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பிறர் தெய்வத்தைப் பேய் என்பதில் மறைப்பணியாளருக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் நாட்டுத் தெய்வ வழிபாட்டைக் கால்டுவெல் பேய் வழிபாடு என்றே எழுதினார். தமிழுக்கு அவர் செய்த தொண்டு இதனால் குறைந்துவிடாது, எழுதியதும் மறைந்துவிடாது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், டென்னன்ட் கிரீக்கிற்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், உருண்டைக் கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கின்றன. கேட்டிச், வாருமுங்கு முதலிய பழங்குடியினருக்கு அவை கார்லு கார்லு, புனித இடம். 1870இல் தந்தித் தடம் தேடிப் போன குழு இட்ட பெயரே பசாசின் கோலிக்குண்டுகள் என்பது. பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் குரு ஜான் ஃபிளின், பாலைவெளியில் தனித்து வாழ்ந்தோர்க்காக 1928இல் பறக்கும் மருத்துவப் பணியைத் தொடங்கிய நல்ல மனிதர். 1951இல் அவர் இறந்தபின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகிலுள்ள அவர் கல்லறைமீது கார்லு கார்லுவிலிருந்து ஒரு கல்லைக் கொணர்ந்து வைத்தனர். அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. பசாசின் கோலிக்குண்டுகளில் ஒன்றுதானே என எண்ணினர் போலும்.

நீண்ட பேச்சுக்குப்பின் 1999இல் அக்கல் திரும்பிச் சென்றது. அதன் இடத்தில் வைக்க அர்ரெண்டே மக்கள் தம் நிலத்திலிருந்து வேறொரு கல்லை மனமுவந்து தந்தனர். 2008இல் கார்லு கார்லுவின் உரிமையே பழங்குடியினரிடம் மீண்டது. செவ்வானத்தின் கீழ் அக்கற்களைக் காட்டும் படங்களை எத்தனையோ கண்டுள்ளோம். போய்த் திரும்பிய அந்த ஒரு கல்லை அடையாளங்காட்டும் படம் எதுவும் இதுவரை நம் பார்வைக்கு வரவில்லை.