செவ்வாயிலிருந்து வந்த செய்தி

இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. உம்மா அடுப்படியில் நிற்பா. றேடியோ ஜன்னலோரம் இருக்கும். குரலை வைத்தே கள்ளன் யாரென்று சொல்லிவிடுவோம். அந்தக் காதோடுதான் ஓர்சன் வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாடகத்தையும் கேட்டேன். எச். ஜி. வெல்ஸ் (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்) 1898இல் வெளியிட்ட நாவலை ஹாவர்ட் கோச் வானொலிக்கு எழுத, 1938 ஒக்டோபர் 30 இரவு அமெரிக்காவின் சீபீஎஸ் ஒலிபரப்பியது.

முற்பகுதி அபாரம். நடன இசை போய்க்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு செய்தி: செவ்வாயில் வெடிப்பு. மறுபடி இசை, மறுபடி செய்தி. நியூ ஜேர்சியில் குரோவர்ஸ் மில் என்ற இடத்தில் ஏதோ விழுந்திருக்கிறது. அங்கே நிற்கும் நிருபரின் குரல் பதறிப் பதறி, சட்டென்று அறுந்துவிடுகிறது. சில விநாடிகள் ஒன்றுமே இல்லை. அந்த மௌனத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நிருபராக நடித்த ஃபிராங்க் ரீடிக், முந்திய வருடம் ஹிண்டன்பேர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான வர்ணனையைக் கேட்டுக் கேட்டே அந்தக் குரலைப் பிடித்தார்.

பிற்பகுதி சப்பென்று போகிறது. பேராசிரியர் பியர்சன் தனியே நடக்கிறார், தனியே பேசுகிறார். கிருமிகள் வந்து பகைவரைக் கொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டும். உயர்தர வகுப்பில் நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லிப் போட்டேன். இந்த இடத்தில் பின்வரிசை மேசையில் தலை சாய்த்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "சேர், ஆக்கள் இத நம்பினாங்களா?"

சிலர் நம்பினார்கள். இது நாடகம் என்ற அறிவிப்பு தொடக்கத்தில் உண்டு. பிந்தி றேடியோவைத் திருப்பியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நாடே கலங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 1949 பெப்ரவரியில் எக்குவடோரின் கீட்டோ நகர வானொலி இதே கதையை ஸ்பானிய மொழியில் போட்டபோது, ஏமாற்றப்பட்டதை அறிந்த கூட்டம் நிலையம் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்தது. ஆட்கள் செத்தார்கள்.

நாங்கள் இருப்பது மொனராகலையில். பக்கத்து மாவட்டம் அம்பாறை. 2018 பெப்ரவரி 26 இரவு, அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்றொரு கதை கிளம்பியது. கடையை உடைத்தார்கள்; பள்ளிவாசலையும் விடவில்லை. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பிறகு சொன்னது.

செய்தி வாசிப்பவரின் நிதானமான குரலை இரவல் வாங்கியதுதான் இந்த நாடகத்தின் கெட்டித்தனம். அதைத் தமிழ் படித்தவனாக மெச்சுகிறேன். ஆனால் அந்தக் குரலுக்கு நாங்கள் கொடுத்த விலை தெரிந்தபின், முழு மனதோடு கைதட்ட முடியவில்லை. ஓர்சன் கடைசியில் தன் சொந்தக் குரலில் வந்து, எல்லாம் விளையாட்டு என்று சொல்லி விடைபெறுகிறார். முதல் தடவை அதைப் போடாமலே மணி அடித்துவிட்டது.

அடுத்த தவணையில் மறுபடி போடுவேன். பியர்சனின் நடையை வெட்டிவிட்டு, முற்பகுதியும் அந்தக் கடைசி இரண்டு நிமிடமும்.