பாட்டு எங்கே கெட்டுப்போகிறது?

அண்ணன் மகன் போன மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தான். அதில் ‘இளைய நிலா’, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஃப்ளாக் கோப்பு. காசு கொடுத்து வாங்கியது. “சித்தப்பா, இதைக் கேட்டீங்கன்னா அப்புறம் உங்க எம்பி3-யைத் தொடவே மாட்டீங்க” என்றான். கேட்டேன். பத்து நொடிக்குள் ஒரு சந்தேகம்: இந்த கிதார் என் பழைய கேசட்டில் இதைவிட நல்லா இருந்ததே?

பழைய நினைப்பு காதை ஏமாற்றுகிறதோ என்று எனக்கும் தோன்றியது. அதனால் கோப்பை ஆடாசிட்டியில் திறந்து பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலி இருக்கிறது, அதற்கு மேலே கத்தியால் அறுத்த மாதிரி வெறும் இருட்டு. பழைய டேப்பில் உச்ச ஒலிகள் சரிவாகத்தான் குறையும், இப்படி ஒரே கோட்டில் நிற்காது. 128 கேபிபிஎஸ் எம்பி3 செய்யும் மென்பொருள்கள்தான் பெரும்பாலும் 16-க்குப் பக்கத்தில் இப்படி வெட்டும். ஆக, எங்கேயோ கிடந்த எம்பி3-யை எடுத்துப் பெரிய கோப்பாக மாற்றி விற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தண்ணி கலந்த பாலை வெள்ளிச் செம்பில் ஊத்திக் கொடுத்த கதைதான்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அது இல்லை. ஒலியலையின் வடிவம். 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது கேட்ட அந்தப் பாட்டின் அழகே அதன் மேடு பள்ளம்தான். கிதார் தந்தியைச் சுண்டும்போது ஒரு கூர்மையான எழுச்சி, உடனே ஒரு தணிவு, அந்தத் தணிவுக்குள் எஸ்பிபி குரல் வந்து உட்காரும். இந்தக் கோப்பில் எழுச்சி எல்லாம் ஒரே உயரத்தில் சீவப்பட்டு, பார்த்தால் செங்கல் மாதிரி இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவதற்காக உச்சங்களை நசுக்கியிருக்கிறார்கள். உலகம் முழுக்க நடந்த கூத்துதான் இது. 2008-ல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் வந்தபோது அவர்களுடைய ரசிகர்களே இதற்காகச் சண்டைக்குப் போனார்கள். அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் நசுங்காமல் கிடைத்ததைக் கண்டுபிடித்து, ‘இதுதான் நல்லா இருக்கு’ என்று அதைத் தேடிக் கேட்டார்கள். இதில் வேடிக்கை, இன்றைக்கு ஸ்பாட்டிஃபை மாதிரியான சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நசுக்கினவருக்குச் சத்தமும் மிச்சமில்லை, உயிரும் மிச்சமில்லை.

அண்ணன் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “இந்த ஒரு கோப்பு மோசம், சரி. ஆனா ஹை-ரெஸ்னாலே வித்தியாசம் தெரியும்.” சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். அவனிடம் இருந்த நல்ல பதிவு ஒன்று, நேரடியாக 24 பிட்டில் பதிந்த வீணைக் கச்சேரி. அதை சிடி தரத்துக்கு ஒன்று, 256 கேபிபிஎஸ் ஏஏசி-க்கு ஒன்று என மாற்றி, மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இந்தச் சத்த அளவு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாக ஒலித்தாலே காது அதை ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் ‘டெமோ’ காட்டி விற்பதில் பாதி வித்தை இதுதான்.

ஃபூபார் மென்பொருளில் எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கும் வசதி உண்டு. ஹை-ரெஸ்ஸா சிடி தரமா என்று 20 முறை கேட்டு அவன் 11 சரி. நான் 9. பூவா தலையா போட்டாலும் இதுதான் வரும். ஏஏசி-யிலும் கிட்டத்தட்ட அதே நிலைமை. அதே வீணையை 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கியபோது மட்டும் இருவருமே ஒரு தடவைகூடத் தவறவில்லை. மீட்டின் முனை மழுங்கி, அதற்கு முன்னால் ஒரு மெல்லிய புகை மாதிரி சத்தம் வந்துவிடுகிறது.

எங்கள் காது பெரிய ஆதாரம் இல்லை. ஆனால் மேயரும் மோரனும் 2007-ல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், 500-க்கு மேற்பட்ட முயற்சிகளில் விடை கிட்டத்தட்ட சரிபாதியாகத்தான் வந்தது. பிறகு 2016-ல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வித்தியாசம் கண்டுபிடிக்க முடிகிறது, ஆனால் மிகக் கொஞ்சமாக என்றார். அதையும் மறைக்கக் கூடாது. அந்தக் ‘கொஞ்சம்’ நம் வீட்டு மொசைக் தரையிலும் மொட்டைச் சுவரிலும் எதிரொலித்துக் காணாமல் போகிற அளவுதான். ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். எந்த ஃப்ளாக்கும் செய்யாததை அது செய்தது. (வீட்டில் “இதென்ன கல்யாண மண்டபமா?” என்று கேட்டார்கள். அது தனிக்கதை.)

சிடி 16 பிட்டில் 96 டெசிபல் வரை ஏற்ற இறக்கம் காட்டும். சாதாரண கேசட் 50, 55-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். ஸ்டுடியோ டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும், கேசட் 4.76, அதாவது எட்டில் ஒரு பங்கு. இப்படி இருந்தும் என் கேசட் அந்தக் கோப்பைத் தோற்கடித்தது. ஏனென்றால் அது நல்ல எல்பி-யிலிருந்து நேராக எடுத்தது, நடுவில் யாரும் நசுக்கவில்லை. கோப்பின் மேல் 24 பிட் என்று போடுகிறவர்கள், எந்த டேப்பிலிருந்து எடுத்தது, யார் மாற்றியது, எப்போது என்று ஒரு வரி போடுவதில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. மூல டேப்புகள் பழசாகிக்கொண்டே போகின்றன. இன்றைக்குத் தப்பாக எடுத்து வைத்தால் நாளைக்குத் திரும்ப எடுக்க டேப் இருக்காது. பிறகு அந்தச் செங்கல்தான் பாட்டு.

கேசட்டை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன், அதன் குட்டையும் உடைத்துவிடுகிறேன். அப்பா சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த 60 நிமிட கேசட் அது. போன வாரம் அதைக் கணினியில் ஏற்றும்போது சிடி-யோடு ஒப்பிட்டேன். கேசட் 3 சதவீதம் வேகமாகப் போகிறது. கடைக்காரர் பதிந்த டெக் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறியிருக்கிறது, சரியாகச் சொன்னால் அரை ஸ்வரத்தில் பாதி. நாற்பது வருஷமாக நாங்கள் கேட்டது, யாரும் பாடாத ஒரு சுருதி.

வேகத்தைச் சரிசெய்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதிப் பாட்டு வரை பேசாமல் கேட்டுவிட்டு, “ஏன்டா, எஸ்பிபி-க்குத் தொண்டை கட்டியிருக்கா?” என்றார்.

அவர் ஃபோனில் வேகமானதையே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் மட்டும் ‘கேசட், 3% வேகம்’ என்று எழுதி வைத்தேன்.