அழித்த படங்களின் கணக்கு

ஓயாமல் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் இரண்டு சொற்கள் உடனே வந்து விழுகின்றன. ஒன்று 'பைத்தியம்', இன்னொன்று 'திமிர்'. நோய் என்று சொல்லி ஒதுக்குவது முதலாவது. ஒழுக்கக்கேடு என்று சொல்லி அடக்குவது இரண்டாவது. இரண்டும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளைக் குறிவைத்தே சொல்லப்படுகின்றன. இந்தச் சொற்கள் எதைப் பார்க்கத் தவறுகின்றன என்பதே என் கேள்வி.

நோய் என்ற பேச்சுக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. 2013ஆம் ஆண்டின் சொல்லாக 'செல்ஃபி'யை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 'செல்ஃபைட்டிஸ்' என்னும் மனக்கோளாறை அங்கீகரித்துவிட்டது என்றொரு செய்தி உலகைச் சுற்றிவந்தது. நையாண்டிக்காக இட்டுக்கட்டிய செய்தி அது. ஆனால் அந்தச் சொல் சாகவில்லை. மதுரை தியாகராசர் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் கிரிஃபித்ஸும் இந்திய மாணவர்களிடையே ஆய்வு நடத்தி, 2017இல் இதற்கென 20 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். சூழலை மெருகூட்டுதல், சமூகப் போட்டி, கவன ஈர்ப்பு, மனநிலை மாற்றம், தன்னம்பிக்கை, குழுவோடு ஒத்துப்போதல் என ஆறு காரணிகளை அது முன்வைக்கிறது.

அந்த ஆய்வைப் பொய்ச்செய்தியோடு சேர்த்து எள்ளிவிட முடியாது. ஆறு காரணிகளும் மெய்யானவையே. என் தடை வேறு. அந்தக் கூற்றுகளில் பெரும்பாலானவை செல்ஃபியால் கிடைப்பதைப் பற்றியவை: பாராட்டு, மதிப்பு, தெம்பு. எடுத்த படத்தை அழிப்பது பற்றி ஒன்றுகூட இல்லை.

கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அழிப்பதுதான் கண்ணில் படுகிறது. படம் எடுத்த மறுநொடி மாணவியின் சிரிப்பு அணைந்துவிடுகிறது. இரண்டு விரல்களால் திரையை விரித்து மூக்கையும் பல்லையும் தாடையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறாள். அழிக்கிறாள். மீண்டும் எடுக்கிறாள். ஒருத்தியிடம் எத்தனை எடுத்தாய் என்று கேட்டேன். "முப்பது இருக்கும் மேம்" என்றாள். எத்தனையை வைத்துக்கொண்டாய்? "ஒண்ணு. அதுலயும் மூக்கு சரியில்ல."

அந்த மூக்குக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. முகத்துக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் கேமரா இருந்தால், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கைநீட்டும் தூரத்தின் கோளாறு அது. அவளோ தன் முகத்தின் கோளாறு என்று நம்புகிறாள். அடுத்து வருகிற ஃபில்டர் மூக்கைக் குறுக்கி, நிறத்தை வெளுத்து, 'சரி' செய்து கொடுக்கிறது.

பெண்ணை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க நமக்கு ஃபோன் கற்றுத்தரவில்லை. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று அதற்கு நம் இலக்கியத்தில் வகையே உண்டு. தரகர் கையில் போகும் ஸ்டுடியோ படமும், பெண் பார்க்க வந்தவர்கள் 'கொஞ்சம் நடந்து வரச் சொல்லுங்க' என்பதும் அதன் வீட்டு வடிவங்கள். இப்போது அந்த வேலையை அவளே தனக்குச் செய்துகொள்கிறாள்.

மனதுக்குள் குடியேறிவிட்ட இந்தக் கண் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைத் தனியறையில் கண்ணாடி முன் நீச்சலுடையோ ஸ்வெட்டரோ அணியவைத்து, அந்த உடையிலேயே கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. யாரும் பார்க்காதபோதும் பார்க்கப்படுவதாக உணர்கிற மனம், கணக்குக்குத் தர வேண்டிய கவனத்தை உடம்புக்குத் தந்துவிடுகிறது.

செல்ஃபியை விடுதலை என்று கொண்டாடும் பெண்ணியத் தோழிகளோடும் எனக்கு இங்கேதான் பிணக்கு. படம் எடுக்கும் அதிகாரம் பெண்ணின் கைக்கு வந்தது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. கேமரா கைமாறிவிட்டது, தீர்ப்புச் சொல்லும் கண் இன்னும் மாறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். இறைவனுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி, அவனுக்கு ஏற்றவளா என்று பார்த்தாளாம். தன் முகம் தனக்குப் பிடித்திருந்ததால் பார்த்தாள் என்று எந்த உபன்யாசகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆண்பிள்ளைகள் இதற்கு விலக்கல்ல. செல்ஃபி எடுக்கும்போது நேர்ந்த சாவுகளைச் செய்திகளிலிருந்து திரட்டிய இந்திய மருத்துவர்களின் 2018ஆம் ஆண்டு ஆய்வு, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் 259 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. இந்தியாவில்தான் அதிகம். இறந்தவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். தண்டவாளத்திலும் பாறை விளிம்பிலும் நிற்பவனுக்குள்ளும் ஒரு நடுவர் இருக்கிறார். அவர் கேட்பது அழகை அல்ல, துணிச்சலை. ஆனால் அவனைத் திமிர் பிடித்தவன் என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லி அழுகிறோம்.

பெண்ணுக்கோ இரண்டு ஆணைகள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அழகாக இரு, கண்ணில் படாதே. படத்தை எவனோ மார்ஃபிங் செய்து மிரட்டினால், 'நீ ஏன் போட்டாய்?' என்பதே அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு முகத்தை ஒளித்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை, அவளுக்குள் இருக்கும் அந்தக் கண்ணுக்கு இன்னும் வலுவூட்டுகிறது.

எனவே ஃபோனைப் பிடுங்குவதற்கு முன், எத்தனை எடுத்தாய் என்று எண்ணுவதற்கு முன், அவள் அழிக்கப் போகும் ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் என்ன குறை என்று கேளுங்கள். அந்தக் குறையை முதன்முதலில் சொன்னது யார் என்றும் கேளுங்கள். ஓர் அத்தையாகவோ, வகுப்புத் தோழனாகவோ, சிவப்பழகு க்ரீம் விளம்பரமாகவோ அது இருக்கும். சில வேளை அம்மாவாகவும் இருக்கும். அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.