இரைச்சலை ஒதுக்கும் வளையம்

160 மீட்டர் பேண்டில் கேட்கத் தொடங்கும் ஹாம் நண்பர்கள் எந்த ஆன்டெனாவைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்பது, "சிக்னல் எவ்வளவு வரும்?" என்பதுதான். லூப் ஆன்டெனாவை இந்த அளவுகோலால் அளந்தால் அது நிச்சயம் தோற்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைச் சுற்று வளையத்தின் பயனுறு உயரம் 1.83 மெகாஹெர்ட்ஸில் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. 137 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் மூன்று மில்லிமீட்டர்தான். 10 மீட்டர் செங்குத்துக் கம்பிக்கோ அது ஏறக்குறைய 5 மீட்டர்.

ஆனால் தாழ் அலைவெண்களில் அளவுகோலே வேறு. உலகெங்கும் வெட்டும் மின்னல்களின் இரைச்சலும் ஊரின் மின்சாதனங்கள் கிளப்பும் இரைச்சலும் அங்கே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியவை. ஆன்டெனா சிறுத்தால் சிக்னலும் இரைச்சலும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. குறைந்ததைப் பெருக்கியால் ஈடுகட்டிவிடலாம். எந்தத் திசையின் இரைச்சலைத் தள்ளிவைக்க முடிகிறது என்பதே கேள்வி. லூப்பின் வலு இங்கேதான்.

செங்குத்தாக நிறுத்திய வளையத்தின் விளிம்பு காட்டும் இரு பக்கமும் நன்றாகக் கேட்கும். தட்டை முகம் பார்க்கும் இரு பக்கமும் கேட்காது. மத்திய அலையில் கேட்டவர்களுக்கு இது பழகிய சங்கதி: டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தால் நிலையம் மங்குவதும் தெளிவதும் உள்ளேயிருக்கும் ஃபெரைட் தண்டின் இதே குணத்தால்தான். கேட்கும் திசை அகலமானது; 45 டிகிரி விலகினாலும் 3 டெசிபல்தான் இழப்பு. கேட்காத திசையோ, அதாவது சுழியோ, மிகக் குறுகலானது. 20 டெசிபல் ஒதுக்கம் வேண்டுமென்றால் சுழித் திசையின் இருபுறமும் 6 டிகிரிக்குள் நிற்க வேண்டும்; 30 டெசிபலுக்கு 2 டிகிரிகூடக் கிடையாது. பகலில் உள்ளூர் மத்திய அலை நிலையம் ஒன்றைப் பிடித்து வளையத்தை மெல்லத் திருப்பினால், வெகுநேரம் ஒன்றும் மாறாது. பிறகு விரலளவு நகர்வில் நிலையம் சட்டென்று அடங்கி, அதன் அடியில் இதுவரை மறைந்திருந்த வேறொரு நிலையம் மேலே வரும். லூப்பின் மேல் பலருக்குக் காதல் பிறப்பது இந்த நொடியில்தான்.

அந்தக் காதலுக்கு எல்லை உண்டு. தரை வழியாக வரும் அலைக்கே சுழித் திசை ஆழமாக அமையும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டு மேலிருந்து இறங்கும் அலைக்குத் தளவிளைவு மாறியிருக்கும். அதனால் சுழி நிரம்பிவிடும். திசையறி கருவிகளை வதைத்த இந்த இரவு விளைவுக்கு மாற்றாகத்தான் 1919இல் ஆட்காக் என்பவர் தம் ஆன்டெனா அமைப்பைக் கொண்டுவந்தார். ஆகவே ஐப்பசி அடைமழையின் இடிமின்னல் இரைச்சலிலிருந்து லூப்பைத் திருப்பித் தப்பிக்க முடியாது. எதிர்வீட்டு சோலார் இன்வெர்ட்டரின் ரீங்காரத்திலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அடுக்ககத்தில் நாலு பக்கமும் எல்இடி விளக்குகள் இருந்தால்? ஒரு சுழிக் கோட்டில் ஒரு பகையைத்தான் நிறுத்த முடியும்.

லூப் காந்தப் புலத்தை மட்டும் உணர்கிறது, ஊர் இரைச்சல் மின்புலத்தில்தான் இருக்கிறது, எனவே லூப் இயல்பிலேயே அமைதியானது என்ற பிரசாரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இரைச்சல் மூலத்திலிருந்து அலைநீளத்தை 2π-ஆல் வகுத்த தொலைவு வரைதான் இந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு. 1.83 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 26 மீட்டர். 475 கிலோஹெர்ட்ஸில் 100 மீட்டர். அதற்கு வெகுதொலைவில் இரண்டு புலமும் நிலையான விகிதத்தில் சேர்ந்தே வரும். அந்தத் தொலைவுக்குள்ளும், மின்னோட்டம் ஓடும் வயர் ஒன்று காந்தப் புலத்தையே பலமாகக் கக்கினால் லூப்தான் அதிகம் பாதிக்கப்படும். வளையத்தைச் சுற்றிப் போடும் உலோகக் கவசமும் இரைச்சலை வடிகட்டுவதில்லை. சமநிலை காக்க அது ஒரு வழி, அவ்வளவே.

அந்தச் சமநிலைதான் முழுக் கதையும். சிக்னல் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, வீட்டிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டம் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். இரு சுழிகளும் 180 டிகிரி எதிரெதிராக அமையாமல் கோணலாக நின்றாலோ, ஆழமில்லாமல் இருந்தாலோ, குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். பெருக்கியின் வாயிலிருந்து வளையத்தைக் கழற்றி, அதற்கு ஈடான தூண்டியையோ மின்தடையையோ வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்போதும் இரைச்சல் கேட்டால் அது வளையம் பிடித்ததல்ல. ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிய சோக் ஒன்று, விலை உயர்ந்த லூப்பைவிட அதிகம் உதவிய இடங்கள் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு மின்தடையில் முடியும் பெரிய வளையங்கள் உண்டு. க்யூஎஸ்டி இதழில் 1997இல் கேரி பிரீட் எழுதிய கே9ஏஒய் லூப்பும், அதன் பின் புகழ்பெற்ற ஃபிளாக்கும் இந்த இனம். பின்பக்கத்திலிருந்து சாய்ந்து இறங்கும் வான் அலையையும் இவை அடக்குகின்றன. சிறு லூப்பால் ஆகாத காரியம் இது. விலையாக, செங்குத்து ஆன்டெனாவைவிடச் சிக்னல் மிகவும் குறையும். கேபிள் ஒழுக்கம் இன்னும் கறாராக வேண்டும். கே9ஏஒய்க்கு மண்ணில் எர்த் தேவை. மொட்டைமாடிக்கு எர்த் கேட்காத ஃபிளாக்தான் தோது. நூற்றறுபது மீட்டரும் அதற்கு மேலும் கம்பி இழுக்க நிலம் உள்ளவர் பெவரேஜ் ஆன்டெனாவையே போடட்டும்; அது இவற்றை வெல்லும்.

பெருக்கியிலும் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தில் 783, 1017 கிலோஹெர்ட்ஸில் இரு வலுத்த நிலையங்கள் இருந்து பெருக்கி நேர்கோட்டுத் தன்மை இழந்தால், இரண்டும் கூடி 1800இல் ஒரு பொய் நிலையம் முளைக்கும். நகரத்தில் மலிவான பெருக்கி வேண்டாம்.

என் முடிவு இதுதான்: 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, நிலமில்லாத நகரவாசிக்கு லூப்பைவிடப் பொருத்தமான கேட்பு ஆன்டெனா இல்லை, ஆனால் அது கைவைத்துத் திருப்புகிறவருக்கும் கேபிளைக் கவனிக்கிறவருக்கும் மட்டுமே பலன் தரும். வாங்குவதற்கு முன் ஒருநாள் ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கிவிட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் வீட்டுச் சாதனங்களைத்தான்.