கேள்விகளின் எண்ணிக்கையும் கேள்வியின் கனமும்

நம் தொகுதி எம்.பி. மக்களவையில் என்ன செய்கிறார் என்பதை அறிய, 20 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சாதாரண வாக்காளருக்கு வழியே இல்லை எனலாம். அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருந்தன. ஆனால் ஒரே உறுப்பினரின் ஐந்தாண்டுப் பேச்சையும் கேள்விகளையும் அவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது ஆய்வாளர்களுக்கே பெரும்பாடு. 2005-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு இந்த நிலையை மாற்றியது. அது தரும் கணக்கில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் நான்கு எண்கள்: வருகைச் சதவீதம், பங்கேற்ற விவாதங்கள், எழுப்பிய கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தேசிய சராசரியும் மாநில சராசரியும் உண்டு. நாளிதழ்கள் எம்.பி.க்களின் ‘மதிப்பெண் பட்டியல்’ தயாரிப்பது இவற்றை வைத்துத்தான். அப்துல் கலாமின் யோசனைப்படி சென்னையின் பிரைம் பாயிண்ட் அறக்கட்டளை 2010 முதல் சிறந்த எம்.பி.க்களுக்கு வழங்கிவரும் சன்சத் ரத்னா விருதுக்கும் இத்தகைய தரவே அடிப்படை.

இந்தக் கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த எண்கள் ஒருவர் வேலையே செய்யவில்லை என்பதைக் காட்டுவதில் கெட்டி; வேலை செய்தவர்களில் யார் சிறந்தவர் என்று சொல்வதில் பலவீனமானவை. இரண்டையும் குழப்பிக்கொண்டால், உண்மையாக உழைக்கும் பின்வரிசை உறுப்பினருக்குத்தான் முதலில் அநீதி நேரும்.

பின்வரிசை உறுப்பினரிடம் துறையும் இல்லை, கோப்பும் இல்லை. கேள்வி, அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், மக்களவை விதி 377-இன் கீழ் எழுப்பும் கோரிக்கை, வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு உரிய தனிநபர் மசோதா, இவைதான் அவர் கையிலுள்ள கருவிகள். அவற்றைத் தொட்டாரா இல்லையா என்பதை எண்கள் சந்தேகமின்றிச் சொல்லிவிடுகின்றன. 2012-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர், நடிகை ரேகா இருவரும் அவைக்கு அரிதாகவே வந்தது 2014-இல் அவையிலேயே சர்ச்சையானது. அனுமதியின்றி 60 நாட்கள் வராவிட்டால் இடத்தைக் காலியானதாக அறிவிக்கலாம் என்ற அரசமைப்பு விதியும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. புகழின் பின்னால் வெற்று நாற்காலி மறைந்துவிடாமல் தடுத்தது வருகைக் கணக்கு. இது சிறிய சாதனை அல்ல.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. 100 கேள்வி கேட்டவர் 50 கேட்டவரைவிட இரு மடங்கு நல்லவரா?

மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலுக்கு வரும். முன்னவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சமாளிக்க வேண்டும். பின்னவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் கேள்விகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, அத்தனை பெயரும் அதன்மேல் ஏறும். அத்தனை பேர் கணக்கிலும் ஒன்று கூடும். ஆக, ஒருவரின் மொத்தத்தில் அவருடைய உழைப்போடு குலுக்கலின் அதிர்ஷ்டமும் அடுத்தவரின் கேள்வியும் கலந்திருக்கின்றன.

கேள்வியை யார் எழுதினார் என்பதும் எண்ணில் தெரியாது. 2005 டிசம்பரில் கோப்ராபோஸ்ட் செய்தித் தளம் நடத்திய ரகசியப் படப்பதிவில், பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க முன்வந்த உறுப்பினர்கள் சிக்கினார்கள். மக்களவையிலிருந்து 10 பேரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவருமாக 11 பேர் அதே மாதம் பதவி நீக்கப்பட்டனர். விலைக்கு வாங்கிய கேள்வியும் கணக்கில் ஒரு கேள்விதான்.

இதற்கு மறுபக்கமாக ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டிருந்தது. எழுத்துப் பதில் மட்டுமே மிஞ்சியது. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று அப்போது மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய புள்ளிவிவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற பொருளில் தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று பதில் தந்தது. நாடே அதிர்ந்தது. சாவை எண்ணாத ஓர் அரசு எழுத்தில் அதை ஒப்புக்கொள்ளும்படி செய்தது நட்சத்திரக் குறியிடாத ஒரு கேள்வி. ஏற்கெனவே வெளியான ஒரு திட்டத்தின் ஒதுக்கீட்டு விவரத்தைத் திரும்பக் கேட்கும் கேள்விக்கும் அதற்கும் பட்டியலில் ஒரே மதிப்பு: 1.

தனிநபர் மசோதாவுக்கும் இதே கதி. விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே; கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். இந்த வறட்சியில், திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவரும் நெருக்கடியை அது உண்டாக்கியது. 2019-இல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் குறைகளைத் திருநர் அமைப்புகள் கடுமையாக விமர்சித்தன என்பது வேறு விவாதம். தாக்கல் செய்து அப்படியே காலாவதியாகும் மசோதாக்களுடன் இதையும் ஒன்றாகக் கூட்டுவது எந்த வகை மதிப்பீடு?

வருகைப் பதிவுக்கும் அதன் எல்லை உண்டு. அமைச்சர்கள் அதில் கையெழுத்திடுவதில்லை. கையெழுத்திட்டவர் எத்தனை மணி நேரம் அவையில் இருந்தார் என்பது தெரியாது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் பெயரிலிருந்த கேள்விகளும் நீக்கப்பட்டன. வர விரும்பியும் வாசலில் நிறுத்தப்பட்டவரையும், வர மனமில்லாதவரையும் ஒரு சதவீதம் எப்படிப் பிரித்துக் காட்டும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 17-ஆவது மக்களவை ஐந்தாண்டில் கூடியது 274 நாட்கள்தான். முழுப் பதவிக்காலம் கண்ட மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. தனி ஆளின் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அவையே சுருங்கிப்போனது கண்ணில் படாது.

எண்ணப்படாத வேலைதான் மிகப் பெரிய குறை. 1993-இல் அமைக்கப்பட்ட துறைசார் நிலைக்குழுக்கள் இன்று 24. கேமரா இல்லாத அந்த அறைகளில் உறுப்பினர்கள் கட்சிச் சுவரைத் தாண்டி மசோதாவைப் பிரித்து வாசிக்கிறார்கள், துறைச் செயலாளர்களைக் குடைந்து கேட்கிறார்கள். நான்கு எண்களில் இதற்கு இடமே இல்லை. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17-ஆவதில் 16 சதவீதம்தான். இதையும் சொல்வது அதே பிஆர்எஸ் என்பதை நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

பிற நாடுகளைப் பார்த்தால், பிரிட்டனில் 2004-இல் வந்த ‘தே வொர்க் ஃபார் யூ’ தளத்தில் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பார்க்க முடிகிறது. அந்தத் தளத்தில் பதிவாகும் தங்கள் பேச்சுக் கணக்கை உயர்த்திக்கொள்ளவே சில உறுப்பினர்கள் அவையில் எழுந்து பேசுகிறார்கள் என்ற புகார் 2006-லேயே அங்கே எழுந்தது. அளவுகோல் தெரிந்தவுடன் ஆள் அதற்கேற்ப வளைவார் என்பதற்கு இது பாடம். இலங்கையில் வெரிட்டே ரிசர்ச் நடத்தும் மந்திரி.எல்கே தளம், நாடாளுமன்ற உரைகளைப் பொருள்வாரியாகவும் பங்களிப்பின் வகைவாரியாகவும் பிரித்து மதிப்பிடுகிறது. வெறும் எண்ணிக்கையைவிட இது ஒரு படி மேல்.

நம் நாட்டில் வாக்குப் பதிவைப் பின்தொடர்வதே கடினம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்ற தடயமே இருக்காது. பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு நடந்தாலும், 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போய்விடும். யார் பேசுவது, எத்தனை நிமிடம் என்பதும் கட்சி பலத்தையும் கட்சித் தலைமையின் விருப்பத்தையும் பொறுத்தது. இப்படிக் கட்டுண்ட மனிதரைத் தனியே நிறுத்தி மதிப்பெண் போடும்போது, கட்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்த எண்களைத் தூக்கி எறியக் கூடாது. அவற்றைக் கொண்டு யாருக்கும் முதலிடம், இரண்டாமிடம் தரவும் கூடாது. அவற்றை நுழைவாயிலாக வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. “தகவல் திரட்டப்படுகிறது” என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குத் தந்த உறுதிமொழி; மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழுவும் இருக்கிறது. நம் உறுப்பினர் பெற்ற உறுதிமொழிகள் என்னவாயின என்று கணக்கெடுக்கலாம். நிலைக்குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில் வரும் கூட்டக் குறிப்புகளில் யார் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும், அதைத் தொகுக்கலாம். மாவட்டச் செய்தியாளர் ஒருவர் தம் எம்.பி.யின் கேள்விகளில் பத்தை எடுத்துப் பதிலோடு வாசித்து எழுதினால், எந்த விருதுப் பட்டியலையும்விட அது வாசகருக்குப் பயன்படும். நாடாளுமன்றம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பையாவது பெயரோடு பதிவு செய்ய வேண்டும்.

வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. “எத்தனை கேள்வி கேட்டீர்கள்” என்பதோடு நிறுத்தாமல், “அதில் முக்கியமான ஒன்றைச் சொல்லுங்கள், அரசு என்ன பதில் தந்தது, அந்தப் பதிலை வைத்து நீங்கள் அடுத்து என்ன செய்தீர்கள்” என்று கேட்க வேண்டும். பின்வரிசையில் இருந்தாலும் உழைத்தவரிடம் இதற்குப் பதில் இருக்கும். எண்ணிக்கைக்காக மட்டும் கேட்டவர் தடுமாறுவார்.